முள் நிமிர்ந்து நிற்கும் இடம்

மலைச்சாலை தொடங்கும் இடத்தில் மரகதத்தின் பட்டறை இருந்தது. மோட்டார் சைக்கிளின் முகப்பில் காற்றைத் தடுப்பதற்காகப் பொருத்தும் கூட்டை அவர் ஃபைபரில் வார்த்துக் கொடுத்தார். வண்டிக்காரர்கள் அதை ஃபேரிங் என்பார்கள். ஒவ்வொரு கூடும் ஒரு வண்டிக்கு, அதை ஓட்டும் ஒருவருக்கு மட்டுமே உரியது. இன்னொருவருக்கு அது பொருந்தாது.

நஞ்சப்பர் அவரிடம் சீடராகச் சேர்ந்தபோது ஆசானுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தொன்பது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் துணி ஆலை ஒன்றின் கொதிகலன் அறையில் முப்பத்தோராண்டுகள் மீட்டர்களைக் கவனித்து வந்தவர் நஞ்சப்பர். ஓய்வு பெற்ற மறுவாரமே காலைப் பூசையை முடித்துக்கொண்டு, நெற்றி நிறைந்த திருநீற்றுடன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, இந்த வேலையை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"எதுக்குங்கய்யா? வீட்டுல இருப்புக் கொள்ளலீங்களா?"

"வீட்டுல கடிகாரத்தை விட்டா வேற முள்ளே இல்லீங்க."

மரகதம் சிரித்தார். சேர்த்துக்கொண்டார்.

முதல் மூன்று மாதங்கள் நஞ்சப்பர் உப்புத்தாள் தேய்த்தார், பிசின் கலக்கினார், வார்ப்புக்குள் மெழுகு பூசினார். எந்த வேலையையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடையில் ஏதோ ஒரு நாள் 'அம்மணி' என்பது 'மேஸ்திரி' ஆயிற்று. அப்படி அழைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் நண்பகல், இருவரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்.

"மேஸ்திரி, மனசுல ஒன்னு கிடக்குதுங்க. கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த கொதிகலன் ஒரு நாளும் வெடிக்கலீங்க. ஒருத்தர் மேலயும் ஒரு பொட்டு ஆவி பட்டதில்லை. வழியனுப்பு விழாவுல மேனேஜர் எழுந்திரிச்சாரு. என்னைப் பத்தி என்ன பேசறதுன்னு அவருக்குத் தெரியலை. கடைசியில என் குடையைப் பத்திப் பேசினாருங்க. மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும் கொண்டு வருவாருன்னு."

"நல்ல குடைங்களா?"

"குடை நல்ல குடைதானுங்க." நஞ்சப்பர் சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். "மணிக்கொரு தரம் பதிவேட்டுல எழுதணும். முள்ளு தப்பினா எவ்வளவு தப்புச்சு, என்ன செஞ்சோம்னு விவரமா எழுதணும். தப்பலைன்னா ஒரு கோடு போட்டுட்டு வரணும். என் பதிவேடு பூரா வெறும் கோடுதானுங்க. ஒன்னும் நடக்காம பார்த்துக்கிட்டு இருந்தவன் என்னதான் செஞ்சான்? சாமி முன்னால நின்னா, இன்னதுக்காக நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

ஆசான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு கூட்டுல மீட்டர் வையுங்க. வச்சு முடிச்சுட்டு இதே கேள்வியைக் கேளுங்க."

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் செவிலியர் ஜெபமணி வந்தார்.

மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பதினாறு ஆண்டுகளாகத் தடுப்பூசி கொண்டு போகிறவர் அவர். இரண்டாண்டுக்கு முன் ஜீப் கவிழ்ந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. மருத்துவர்கள் தகடு வைத்து எலும்புகளைப் பிணைத்தார்கள். அதன்பின் அவரால் நேரே பார்க்க முடிந்தது, குனிய முடியவில்லை. வண்டி ஓட்டலாம், ஆனால் கழுத்தில் காற்று அறையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகவே அவருக்கு ஒரு கூடு தயாராகிக்கொண்டிருந்தது.

"வாங்க சிஸ்டர். கூடு காஞ்சிருச்சு. மீட்டர் மட்டும் வைக்கணும்" என்றார் மரகதம்.

"புதன்கிழமைக்குள்ள ஆகணும் மேஸ்திரி. இந்தப் புதன் தப்பிச்சுன்னா என் கதை முடிஞ்சது."

"என்ன ஆச்சுங்க?"

ஜெபமணி தூணில் சாய்ந்து நின்றார். உட்கார்ந்தால் முகம் பார்த்துப் பேச அவருக்குச் சிரமம்.

"போன மாசம் மேலே போய்ப் பெட்டியைத் திறந்தா, உள்ளே சூடேறிப் போயிருக்கு. வழியில எங்கேயோ மூடி விலகியிருக்கு. எனக்குத் தெரியலை. பின்னால திரும்பிக் குனிஞ்சு பார்த்தாத்தானே தெரியும்? அத்தனை மருந்தையும் கொட்டிட்டேன். பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு மூணு மைல் நடந்து வந்த தாய்மாருங்க அப்படியே திரும்பிப் போனாங்க. ஒருத்தி திட்டினாக்கூட நல்லா இருந்திருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லலை."

"மேலதிகாரி?"

"அவரு சொன்னாரு. இன்னொரு தரம் இப்படி ஆனா உங்களைக் கீழே மாத்திடுவேன், மலைக்காரங்க வேணும்னா இறங்கி வந்து போட்டுக்கட்டும்னு. அவங்க இறங்கி வரமாட்டாங்க மேஸ்திரி. பதினாறு வருஷமாப் பார்க்கிறேன். நான் ஏறிப் போகாட்டி அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி கிடையாது."

மரகதம் நஞ்சப்பரைப் பார்த்தார்.

"மூணு மீட்டருங்கய்யா. வண்டி வேகத்துக்கு ஒன்னு, இன்ஜின் சூட்டுக்கு ஒன்னு, மருந்துப் பெட்டியோட குளிருக்கு ஒன்னு. நீங்களே வையுங்க."

"நானுங்களா?"

"முப்பத்தொரு வருஷம் மீட்டரோட குடித்தனம் பண்ணுனது நீங்கதானே?"

நஞ்சப்பர் அன்று பிற்பகல் முழுவதும் வேலை செய்தார். கூட்டை வார்ப்பிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். மட்டக்குழாயால் மேசையை மட்டம் பார்த்தார். நடுக்கோடு கிழித்து, அதிலிருந்து இருபுறமும் நூலிழை பிசகாமல் அளந்தார். வட்ட ரம்பத்தால் மூன்று துளைகள் வெட்டினார். பெட்டியின் குளிரைச் சொல்லும் மீட்டருக்கு வைக்கோல் கனத்தில் நீண்ட செப்புக் குழல் ஒன்று உண்டு; அது மடங்கினால் மீட்டர் செத்துவிடும். அதை அவர் கைக்குழந்தையின் விரலைப் பற்றுவதுபோலப் பற்றி, மெல்ல மெல்ல வளைத்துச் சுருட்டி வைத்தார். மரகதம் அருகில் நின்று அதை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"இதை எனக்குச் சொல்லித் தரணும் நீங்க" என்றார்.

நஞ்சப்பர் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

வேலை முடிந்தபோது மூன்று மீட்டர்களும் ஒரே வரிசையில் நின்றன. எழுத்துகள் நேராக இருந்தன. மூன்றின் சுழியங்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. கருவறை விளக்குகளைப் போல் அவை அழகாக இருந்தன.

மறுநாள் காலை கூட்டை வண்டியில் பூட்டினார்கள். ஜெபமணி ஏறி அமர்ந்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார் நஞ்சப்பர்.

ஜெபமணி நேரே பார்த்தார். பிறகு கண்களை மட்டும் கீழே இறக்கினார். இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்தார்.

"மீட்டரோட நெத்தி தெரியுது அண்ணாச்சி. முகம் தெரியலை."

மரகதம் கைப்பிடியைப் பற்றி இடப்புறம் முழுதும் திருப்பினார். பிறகு வலப்புறம் திருப்பினார். பிரேக் பிடியின் முனை, மருந்துப் பெட்டியின் மீட்டர் கண்ணாடியில் போய் 'டிக்' என்று தட்டியது.

நஞ்சப்பரின் முகம் வெளுத்தது.

"மேசைமேல சரியா இருந்துச்சுங்களே."

"மேசை மலையேறப் போறதில்லீங்கய்யா."

நஞ்சப்பர் வண்டியைச் சுற்றி வந்தார். துளைகளைத் தொட்டுப் பார்த்தார். கூடு ஒன்றுதான் இருந்தது. அதில் மூன்று துளைகளும் தவறான இடத்தில் இருந்தன. நாளை புதன்.

"மேஸ்திரி, நான் கெடுத்துட்டேனுங்க. இந்தம்மாவோட பொழப்பையே கெடுத்துட்டேன்."

"கெடுத்தது கிடக்கட்டும். இங்கே வாங்க."

ஆசான் ஒரு தடித்த அட்டையை வெட்டி எடுத்தார். அதை நஞ்சப்பரின் கழுத்தைச் சுற்றி வைத்து, மேலே அவருடைய துண்டையே இறுகக் கட்டினார். பிறகு வண்டியில் ஏறச் சொன்னார்.

நஞ்சப்பரால் தன் சட்டைப் பொத்தானைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஜெபமணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்போ தெரியுதா மில்லுக்காரரே நம்ம பாடு? ரெண்டு வருஷமா நான் என் கால் விரலையே பார்த்ததில்லை. இருக்குதுன்னு நம்பிக்கிட்டு இருக்கேன்."

"கண்ணை மூடுங்க" என்றார் மரகதம். "மலைமேல போறீங்க. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால பெட்டி. ஆச்சுங்களா? இப்போ திறங்க. கண்ணு எங்கே போச்சு?"

"ரோட்டுக்குங்க."

"ரோட்டை விடாம எவ்வளவு கீழே இறங்க முடியுது?"

நஞ்சப்பர் சுண்ணக்கட்டியால் கூட்டின் உட்புறம் ஒரு குறி வைத்தார். அது மேல் விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே இருந்தது.

"இது உங்க கழுத்து. இறங்குங்க."

ஜெபமணி ஏறினார். கண்ணை மூடித் திறந்தார். அவர் வைத்த குறி விளிம்பிலிருந்து இரண்டே விரல் கீழே இருந்தது.

"இது அவங்க கழுத்து" என்றார் மரகதம்.

நஞ்சப்பர் துண்டை அவிழ்த்தார். அட்டையின் விளிம்பு அவர் தாடைக்குக் கீழே சிவந்த கோடாகப் பதிந்திருந்தது. அந்த அட்டையை அவர் எறியவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பழைய துளைகளை மூட வேண்டியிருந்தது. வெட்டி எடுத்த மூன்று வட்டத் துண்டுகளும் மேசைக்கடியில் கிடந்தன. நஞ்சப்பர் அவற்றைப் பொறுக்கி எடுத்தார்.

"இதுகளையே திரும்ப ஒட்டிடலாங்களா?"

"அதிர்வுல விட்டுப்போகும். புதுசா வார்க்கணும். அதுகளை இப்படிக் கொடுங்க."

ஆசான் அவற்றை வாங்கி அலமாரித் தட்டில் வைத்தார்.

துளைகளுக்குப் பின்னால் கண்ணாடி இழையை அடுக்கிப் பிசினைப் பூசினார்கள். கூட்டைத் தூக்கி வெயிலில் வைத்தார்கள். அது இறுகும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லை. நஞ்சப்பர் அதன் பக்கத்திலேயே குந்தி அமர்ந்து, உதடுகளை அசைத்தபடி இருந்தார்.

"யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார் மரகதம்.

"தண்டபாணியைத்தானுங்க."

"அப்படியே இந்த வெயிலுக்கும் ஒரு கும்பிடு போடுங்க. இன்னைக்கு நம்ம பட்டறையில ரொம்ப உழைக்கிற ஆளு அதுதான்."

நஞ்சப்பர் கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே கும்பிட்டார்.

மூன்று மணிக்குக் கூடு இறுகியது. நஞ்சப்பர் இம்முறை மேசைக்குப் போகவில்லை. கூட்டை வண்டியிலேயே பூட்டி, ஜெபமணியை ஏற்றி அமர வைத்து, கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்த்து, அதன் பின்னரே துளையிட்டார். மீட்டர்களைப் பொருத்தினார். திருகுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

மரகதம் வண்டியைக் கிளப்பினார். மூன்று முட்களும் குளிர்க் காய்ச்சல் கண்டவைபோல் நடுங்கின. எந்த எண்ணில் நிற்கின்றன என்று சொல்ல முடியவில்லை.

"ஏனுங்க இப்படி ஆடுது?"

"அசையவிடாமப் பிடிச்சிருக்கீங்க. இன்ஜினோட நடுக்கமெல்லாம் நேரா முள்ளுக்குப் போகுது."

ஆசான் பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி, ஒவ்வொரு திருகுக்கும் அடியில் ஒன்று வைத்தார். திருகை விரல் நுனியால் மட்டும் முடுக்கினார். மீண்டும் வண்டியைக் கிளப்பியபோது கூடு அதிர்ந்தது, முட்கள் நின்றன.

நஞ்சப்பர் பெருமூச்சு விட்டார். உயரம் சரியாயிற்று. நடுக்கமும் போயிற்று. எழுத்துகள் நேராக இருந்தன.

அப்போதுதான் மரகதம் அவரை வியக்க வைத்தார். மருந்துப் பெட்டி மீட்டரின் பின்வளையத்தைத் தளர்த்தி, மீட்டரையே பிடித்துத் திருகினார். எண்கள் சரிந்தன. 'செல்சியஸ்' என்ற சொல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"மேஸ்திரி! எழுத்துச் சாயுதுங்களே!"

"சாயட்டும். சிஸ்டர், பெட்டி எவ்வளவு குளிர்ல இருக்கணும்?"

"ரெண்டுல இருந்து எட்டுக்குள்ள. எட்டைத் தாண்டினாலும் மருந்து போச்சு, உறைஞ்சாலும் போச்சு. அஞ்சுல நின்னா எனக்குக் கவலை இல்லை."

மரகதம் ஐந்து என்ற எண் உச்சிக்கு வரும்வரை மீட்டரைத் திருப்பினார். பிறகு வளையத்தை முடுக்கினார்.

"அடுத்ததை நீங்க திருப்புங்கய்யா. மலையில இந்தம்மா நாப்பதுல போவாங்க. நாப்பது மேலே வரணும்."

நஞ்சப்பர் கை நீட்டவில்லை. மூன்று மாதங்களில் முதன்முறையாக அவர் ஆசானை மறுத்துப் பேசினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேஸ்திரி. மீட்டருன்னா படிக்கத்தானுங்களே? தலையைச் சாய்ச்சா படிப்பாங்க? எங்க ஆலையில அறுபது மீட்டர். ஒரு எழுத்துச் சாஞ்சதில்லை. அப்படித் திருப்பித்தான் ஆகணும்னா சிவப்புக் கோடு உச்சிக்கு வரட்டும். கண்ணுல முதல்ல ஆபத்துத்தானே படணும்? மீட்டரு இருக்கறதே கெட்டதைச் சொல்றதுக்குத்தானுங்களே?"

மரகதம் ஜெபமணியைக் காட்டினார். "ஓட்டப் போறவங்க இருக்காங்க. அவங்களையே கேளுங்க."

ஜெபமணி தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார்.

"ஆபத்தை ஞாபகப்படுத்த எனக்கு மீட்டர் வேண்டாம் அண்ணாச்சி. இந்தக் கழுத்தே போதும்."

நஞ்சப்பர் வண்டியை நெருங்கினார். பிறகு குனிந்து, வேக மீட்டரின் வளையத்தைத் தளர்த்தி, நாற்பதை உச்சிக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் சூட்டு மீட்டரையும், வழக்கமான சூடு உச்சிக்கு வரும்படி திருப்பினார். மூன்றின் எழுத்துகளும் மூன்று விதமாகச் சாய்ந்தன. நேற்று இருந்த அழகு போயிற்று. அவர் அதைப் பார்க்க மனமில்லாமல் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

புதன்கிழமை விடிந்ததும் ஜெபமணி பெட்டியுடன் வந்தார். பனிக்கட்டிப் பைகளைச் சற்று வியர்க்கவிட்டு, அதன்பிறகே உள்ளே அடுக்கியிருந்தார். எடுத்ததும் அப்படியே வைத்தால் மருந்து உறைந்துவிடும் என்றார். நஞ்சப்பர் செப்புக் குழலின் முனையை மூடியின் ரப்பர் விளிம்புக்கடி வழியே பெட்டிக்குள் செலுத்தினார். பெட்டியில் ஒரு துளைகூட இடவில்லை. முள் மெல்ல நகர்ந்து ஆறைத் தொட்டது; பிறகு ஐந்துக்கு வந்து நின்றது.

வண்டி மலையேறியது.

அன்று நஞ்சப்பர் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பிசினை அதிகம் கலந்து கெடுத்தார். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மறுபடியும் மூடினார்.

"சாப்பிடுங்க" என்றார் மரகதம்.

"வளைவுல எழுத்தைப் படிக்க முடியாமத் தடுமாறுனாங்கன்னா?"

"சாப்பிட்டுட்டுக் கவலைப்படுங்க."

நான்கரை மணிக்கு வண்டியின் ஓசை கேட்டது. நஞ்சப்பர் சாலைக்கே போய்விட்டார். ஜெபமணி வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து காட்டினார். அது காலியாக இருந்தது.

"இருபத்தாறு பிள்ளைகள் அண்ணாச்சி. ஒன்னு பாக்கியில்லை. ஒரு குட்டிப்பய என் கையைக் கடிச்சிட்டான்." அவர் மணிக்கட்டைக் காட்டினார். பால்பற்களின் தடம் தெரிந்தது. பதக்கத்தைக் காட்டுவதுபோல் அதைக் காட்டினார்.

"மீட்டரு? மீட்டரு என்ன சொல்லுச்சுங்க?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். ஓட்டுறப்போ ஒரு எண்ணையும் நான் படிக்கலை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் தாண்டினதும் கண்ணை ரெண்டு விரல் இறக்கினேன். மூணு முள்ளும் நேரா நிமிர்ந்து நின்னுச்சு. கைகூப்பி நிக்கிற மாதிரி. பார்த்த உடனே 'ஸ்தோத்திரம்'னு வாயில வந்துச்சு. அடுத்த வளைவு, அடுத்த ஸ்தோத்திரம். நாப்பது வளைவுக்கும் சொல்லிக்கிட்டே போனேன். கோயில்லகூட நான் இவ்வளவு சொன்னதில்லை."

"தப்பவே இல்லீங்களா?"

"முப்பத்தொன்னாவது வளைவுல பெட்டி முள்ளு கொஞ்சம் சாஞ்சது. ரெண்டு பேரு நேரா நிக்க ஒருத்தர் மட்டும் சாஞ்சா தெரியாமலா போகும்? ஓரமா நிறுத்திப் பார்த்தேன். மூடிக் கொக்கி குலுங்கிக் குலுங்கி விலகியிருந்துச்சு. அதேதான், போன மாசம் ஆனதும் அதேதான். அழுத்தி மூடி, ஈரத்துணி போட்டு, மரத்தடியில கால் மணி நேரம் நின்னேன். முள்ளு எழுந்திரிச்சு நின்னுச்சு. ஏறிட்டேன்." ஜெபமணியின் குரல் இறங்கியது. "எட்டைத் தொடலை அண்ணாச்சி. ஏழுகூட ஆகலை. இதுக்கு முன்னாடின்னா மேலே போய்த் திறந்து பார்த்துட்டுத்தான் அழுதிருப்பேன்."

குனிந்து வணங்க அவரால் முடியாது. எனவே நஞ்சப்பரின் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்களுக்கு உயர்த்தி ஒற்றிக்கொண்டார்.

"அய்யோ, என்னங்க நீங்க! முதல்ல தப்பா வெட்டுனவன் நானுங்க."

"அதுவும் சேர்த்துத்தான்" என்றார் ஜெபமணி.

அவர் போன பிறகு பட்டறை அமைதியாக இருந்தது. மலையின் நிழல் சாலைவரை வந்திருந்தது. நஞ்சப்பர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"மீட்டர் வச்சுட்டுக் கேளுங்கன்னு சொன்னீங்க. வச்சுட்டேனுங்க."

"கேளுங்க."

"கேள்வி அதேதானுங்க. முப்பத்தொரு வருஷம், மணிக்கொரு கோடு. அந்தக் கோட்டையெல்லாம் நான் என்னன்னு சொல்றது?"

மரகதம் எழுந்து அலமாரிக்குப் போனார். தவறான துளைகளிலிருந்து வெட்டி விழுந்த வட்டத் துண்டுகளில் ஒன்றை எடுத்துவந்து அவர்முன் வைத்தார். அது மீட்டரின் முகத்தளவே இருந்தது. பக்கத்தில் ஒரு சுண்ணக்கட்டியை வைத்தார்.

"பதிவேட்டுல எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க."

நஞ்சப்பர் வட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டார். இடமிருந்து வலமாக, நேரான கோடு. பழகிய கை, கோடு கொஞ்சமும் வளையவில்லை.

ஆசான் அந்த வட்டத்தை இரண்டு விரல்களால் பற்றினார். முந்தின நாள் மீட்டரைத் திருப்பியதுபோலவே அதைக் கால்வட்டம் திருப்பினார்.

வட்டத்தின் நடுவே கோடு நிமிர்ந்து நின்றது.

நஞ்சப்பர் அதைப் பார்த்தார். அவர் கைகள் எப்போது குவிந்தன என்று அவருக்குத் தெரியவில்லை.

"முப்பத்தொரு வருஷமும் இது நின்னுக்கிட்டுத்தானுங்கய்யா இருந்துச்சு" என்றார் மரகதம். "நீங்கதான் படுக்க வச்சு எழுதிட்டு வந்தீங்க."